ஐப்பசியில் நீலகிரி: ரயிலா, பேருந்தா, காரா, இல்லை தை வரை பொறுப்பதா?

அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடு வரை நீலகிரிக்கு வர நினைப்பவர்கள் முன்னால் நான்கைந்து வழிகள் இருக்கின்றன. மலை ரயிலை நம்பி வரலாம். அரசுப் பேருந்து ஏறி வரலாம். சொந்தக் காரோ வாடகைக் காரோ எடுத்து வரலாம். கோவையில் அறை போட்டுக்கொண்டு, வானம் பார்த்து ஏறி இறங்கலாம். அல்லது தை பிறக்கட்டும் என்று பொறுத்துக்கொள்ளலாம். குன்னூரில் குடியிருப்பதால் உறவுக்காரர்களின் இந்தப் பட்டிமன்றம் வருடா வருடம் என் போனில்தான் நடக்கிறது. நடுவர் பதவியும் எனக்குத்தான்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மாதங்களில் ரயில் டிக்கெட்டைச் சுற்றித் திட்டம் போடாதீர்கள்; தங்கும் இடத்தைச் சுற்றிப் போடுங்கள். அந்த இடம் குன்னூரிலோ கோத்தகிரியிலோ இருக்கட்டும். ஒரு நாள் உபரியாகக் கிடைத்தால் அதைப் பயணத்தின் கடைசியில் வையுங்கள். ஏறுவது பேருந்தில், ரயில் கிடைத்தால் அது போனஸ். இதற்கெல்லாம் காரணம் சொல்ல வேண்டுமென்றால் மழையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நீலகிரிக்கு மழைக்காலம் இரண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அது மேற்குச் சரிவில் கொட்டும். கூடலூர், பந்தலூர், தேவாலா, நடுவட்டம், அவலாஞ்சி எல்லாம் அந்தக் கணக்கு. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. பதிவானது. அந்த மாதங்களில் குன்னூர்ப் பக்கம் பெரும்பாலும் சாரலும் காற்றுமாகவே போய்விடும். அக்டோபர் மூன்றாவது வாரம் வாக்கில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் நிலைமை தலைகீழ். வங்கக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று கிழக்குச் சரிவில் மோதி மேலே ஏறும். குன்னூர், கோத்தகிரி, கேத்தி பக்கம் கொட்டித் தீர்க்கும். 2009 நவம்பர் 10-ம் தேதி கேத்தியில் பதிவானதும் 82 செ.மீ.தான். அந்த மழையில் மாவட்டம் முழுக்க மண்சரிவு, நாற்பது பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். அதற்கு முன் 1993 நவம்பரில் மரப்பாலம் அருகே மலைப்பாதையே பெயர்ந்து போனது. இங்கே வயதானவர்களிடம் பேசினால் வருடத்தைச் சொல்ல மாட்டார்கள், "மரப்பாலம் போனப்ப" என்பார்கள்.

வானிலை ஆய்வு மையம் எச்சரிக்கையை மாவட்ட அளவில் கொடுக்கிறது. "நீலகிரிக்கு ஆரஞ்சு அலர்ட்" என்று டிவியில் ஓடினால், ஜூலையில் அது பெரும்பாலும் கூடலூர், பந்தலூர்ப் பக்கத்துச் சங்கதி. நவம்பரில் எங்கள் பக்கத்துச் சங்கதி. ஆரஞ்சு என்றால் ஒரே நாளில் 12 முதல் 20 செ.மீ. வரை, சிவப்பு என்றால் அதற்கும் மேல். மாவட்டத்தின் பெயரைப் பார்த்து மட்டும் முடிவு எடுக்காமல், கலெக்டர் எந்தத் தாலுகா பள்ளிகளுக்கு விடுமுறை விட்டிருக்கிறார் என்று பாருங்கள். குன்னூர், கோத்தகிரி என்று பெயர் வந்தால் கிழக்குச் சரிவு ஊறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இதைவிடத் துல்லியமான இலவசத் தகவல் வெளியூர்க்காரருக்குக் கிடைக்காது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அது எப்போதோ தெரியும்.

சென்னைக்குப் புயல் இல்லை என்றால் மலைக்கும் ஒன்றும் இல்லை என்று நினைப்பவர்கள் உண்டு. கேத்தியில் அப்படிக் கொட்டிய 2009 நவம்பரில் பியான் புயல் அரபிக்கடலில் இருந்தது. மறுநாள் மகாராஷ்டிரக் கரையைக் கடந்தது. குமரிக்கடல் பக்கம் ஒரு தாழ்வு நிலை உட்கார்ந்தாலே கிழக்குக் காற்று இழுபட்டு எங்கள் சரிவில் ஏற ஆரம்பித்துவிடும். ஆகவே மெரினாவில் வெயில் அடிக்கிறது என்பது இங்கே எதற்கும் சாட்சி ஆகாது.

அப்புறம், மண்சரிவு மழை வலுத்த அதே மணி நேரத்தில் வரும் என்று சொல்ல முடியாது. முதல் நாள் மழையை மண் குடித்துவிடும். மூன்று நாள், நான்கு நாள் விடாமல் பெய்து மண் கனத்த பிறகு, ஒரு சின்ன மழையே போதும். சில சமயம் மழை விட்டு, வெயில் லேசாக எட்டிப்பார்த்த காலையில்தான் பாறை உருண்டு வரும். "இன்னைக்குத்தான் மழையே இல்லையே, ஏன் டிரெயின் கேன்சல்?" என்று மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் கோபப்படுகிறவர்களுக்கு இதுதான் பதில்.

சரி, இனி ரயில்.

மச்சான் குடும்பத்துக்கு மலை ரயில்மேல் பைத்தியம். அவரைக் குறை சொல்ல முடியாது. 1899-ல் குன்னூர் வரைக்கும், 1908-ல் ஊட்டி வரைக்கும் வந்த பாதை. 46 கி.மீ., 16 குகைகள், 250 பாலங்கள், 2005-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியல். கல்லாறு தாண்டியதும் நடுத் தண்டவாளத்தின் பற்களைச் சக்கரம் கடித்துப் பிடித்து ஏறும். 12 அடி நகர்ந்தால் 1 அடி உயரும். நீராவி எஞ்சின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும். சென்னையிலிருந்து இரவு 9 மணி வாக்கில் கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸ் காலை ஆறேகால் வாக்கில் மேட்டுப்பாளையம் வந்துவிடும். 7.10-க்கு மலை ரயில். நண்பகல் வாக்கில் ஊட்டி. காகிதத்தில் பார்த்தால் இதைவிட அழகான திட்டம் இல்லை.

காகிதத்தில்தான். இந்தப் பருவத்தில் ரத்தாவது பெரும்பாலும் கல்லாறு முதல் குன்னூர் வரையுள்ள துண்டுதான். அடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு என்று அந்த ஸ்டேஷன்களின் பெயர்கள் ஐப்பசி, கார்த்திகையில் செய்தித்தாளில் வந்தபடி இருக்கும். ஒரு இடத்தில் மண் விழுந்தால் ஒரு நாளில் சரிசெய்துவிடலாம். தண்டவாளத்தின் அடியில் இருக்கும் மண் அரித்துப் போனால் நாள்கணக்கு, சில சமயம் வாரக்கணக்கு. ரயிலை ரயில்வேயே ரத்து செய்தால் டிக்கெட் பணம் முழுதாகத் திரும்பி வரும், அதில் பிரச்சினை இல்லை. ஆனால் உங்களைக் கொண்டுவந்த நீலகிரி எக்ஸ்பிரஸ் ரத்தாகியிருக்காது. காலை ஆறேகாலுக்கு நான்கு பெட்டி, இரண்டு பிள்ளைகள், ஒரு பாட்டியோடு பிளாட்பாரத்தில் நிற்பீர்கள். ரயிலை மட்டும் நம்பி வந்தவர்களுக்கு அந்தக் காலை நேரம் ஒரு சண்டையோடுதான் தொடங்கும்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. "ரயில் இல்லாவிட்டால் பஸ்" என்று மாற்று வழி வைத்திருப்பதாகச் சொல்கிறார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து பர்லியாறு, காட்டேரி வழியாகக் குன்னூர் ஏறும் சாலையும் இந்த ரயில் பாதையும் ஒரே பள்ளத்தாக்கில்தான் ஏறுகின்றன. ரயில் பாதையில் மண் விழும் அளவுக்குப் பெய்த மழை அந்தச் சாலையையும் சும்மா விட்டிருக்காது. உண்மையான மாற்று வழி குஞ்சப்பனை வழியாக ஏறும் கோத்தகிரிப் பாதை. அது வேறு சரிவு, வேறு ஓடைகள். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி சுமார் 33 கி.மீ., அங்கிருந்து ஊட்டி இன்னும் 29 கி.மீ. வாக்கில். குன்னூர் வழியாக ஊட்டி போவதைவிடப் பத்து கி.மீ. சுற்று, அவ்வளவுதான். கோத்தகிரிப் பாதையில் மண்ணே விழாது என்று நான் சொல்லவில்லை, அதிலும் விழும். இரண்டும் ஒரே நாளில் அடைபடுவது அரிது என்பதுதான் கணக்கு. எல்லா நேரமும் அந்தக் கணக்கும் பலிக்காது. 2009 அதற்குச் சாட்சி. மூன்றாவதாகக் காரமடை, வெள்ளியங்காடு, கெத்தை, மஞ்சூர் வழி ஒன்று உண்டு. 43 கொண்டை ஊசி வளைவு, குறுகிய ரோடு, யானை நடமாட்டம். மழை நாளில் வெளியூர்க்காரர்கள் அதை மறந்துவிடுவது நல்லது.

அப்படியானால் மலை ரயில் ஆசையை என்ன செய்வது? குன்னூர் முதல் ஊட்டி வரை உள்ள துண்டில் ஏறுங்கள். சுமார் 19 கி.மீ., வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று போகும், நாளுக்குச் சில நடை உண்டு. கீழ்த் துண்டு வாரக்கணக்கில் நின்றிருக்கும் காலத்திலும் இது பெரும்பாலும் ஓடிக்கொண்டிருக்கும். நேர்மையாகச் சொன்னால் இது பாதி சந்தோஷம்தான். பல்சக்கரம் கிடையாது, இழுப்பது டீசல் எஞ்சின், அடர்ந்த காடும் கீழ்த் துண்டோடு போய்விடும். குழந்தைகளுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. மச்சானுக்குத் தெரியும், அவர் சமாளித்துக்கொள்வார். கீழ்த் துண்டு ஓடுகிறது என்று தெரிந்தால், ஊட்டியிலிருந்து பிற்பகல் 2 மணிக்கு இறங்கும் ரயிலுக்கு அன்றைய டிக்கெட் கிடைக்கிறதா என்று வரிசையில் நின்று பார்க்கலாம். கிடைத்தால் மாலை ஐந்தரை வாக்கில் மேட்டுப்பாளையம். கிடைக்காவிட்டால் எதையும் இழக்கவில்லை.

பேருந்தை நான் முன்னால் வைப்பதற்குக் காரணம் சிக்கனம் இல்லை. முடிவெடுக்கும் பொறுப்பு நம் தலையிலிருந்து இறங்கிவிடுகிறது. குன்னூர்ப் பாதை மூடினால் போக்குவரத்தைக் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடுவார்கள், பஸ்ஸும் தானாகவே அதில் போகும். டிரைவர் அந்தப் பாதையில் மூடுபனியோடு வாழ்கிறவர். எதிரே வரும் பஸ் டிரைவரிடம் ஜன்னல் வழியாக இரண்டு வார்த்தை பேசிவிட்டால் மேலே என்ன நிலவரம் என்று அவருக்குத் தெரிந்துவிடும். கூகுள் மேப்புக்கு அது தெரிய இன்னும் அரை மணி நேரம் ஆகும். மேட்டுப்பாளையம் ஸ்டேஷனுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடக்கும் தூரம்தான். குறைகளும் உண்டு: பெட்டி வைக்க இடம் கிடையாது, கூட்டம் ஏறும், வளைவுகளில் வாந்தி எடுக்கும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நடுவில் இறங்க முடியாது. முன்பக்க சீட்டைப் பிடியுங்கள், எலுமிச்சம்பழம் கையில் இருக்கட்டும்.

இ-பாஸ் விஷயமும் இங்கேதான் வருகிறது. 2024 மே மாதம் 7-ம் தேதியிலிருந்து, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் வேண்டும். அரசுப் பேருந்தில் வருபவருக்கு வேண்டாம். காரில் வருபவர் தேதி குறிப்பிட்டு எடுக்க வேண்டும். பயணம் ஒரு நாள் தள்ளினால் அதையும் புதிதாகப் பார்க்க வேண்டும். எடுப்பது கஷ்டமான காரியம் ஒன்றும் இல்லை. ஆனால் மழையில் கல்லாறு சோதனைச் சாவடியில் நின்று சிக்னல் இல்லாத போனோடு மல்லுக்கட்டுவது யாருக்கும் பிடிக்காது.

சொந்தக் காரின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. மேலே வந்து சேர்ந்த பிறகு அது உதவும்: மேகம் விலகிய ஒரு மணி நேரத்தைப் பார்த்து கோடநாடு காட்சி முனைக்கு ஓடலாம், பாட்டி குளிருகிறது என்றால் திரும்பலாம். ஏறும் நாளிலும் இறங்கும் நாளிலும்தான் அது சுமை. சமவெளியில் மட்டும் ஓட்டிப் பழகியவர் மூடுபனியில், ஈர ரோட்டில், எதிரே லாரி வரும் கொண்டை ஊசி வளைவில் முதல் கியரில் ஏற வேண்டும். இறங்கும்போது பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்து, காட்டேரி தாண்டுவதற்குள் கருகும் வாசனை வரவைப்பவர்களை வாரம் தவறாமல் பார்க்கலாம். மலையில் ஓட்டிப் பழக்கம் இல்லாதவர்கள் நவம்பரில் தொடங்க வேண்டாம்.

வாடகைக் கார் எடுப்பவர்கள் ஒரு விஷயத்தை ஏறுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். பாதை அடைபட்டு ஒரு நாள் கூடுதலாகத் தங்க நேர்ந்தால் வாடகையும் டிரைவர் பேட்டாவும் எவ்வளவு, சுற்றுப் பாதையில் போனால் கூடும் கிலோமீட்டர் யார் கணக்கு. மழையில் மாட்டிக்கொண்ட பிறகு இதைப் பேசினால் பேரம் உங்கள் பக்கம் இருக்காது. டிரைவர் "இன்னைக்கு வேணாம் சார்" என்று சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். பணத்துக்காகச் சொல்கிறார் என்று சந்தேகப்படுவது நம் ஊர்ப் பழக்கம். நூற்றில் ஒரு தடவை அது சரியாகவும் இருக்கலாம், அந்த ஒரு தடவைக்குப் போகிற காசு போகட்டும்.

தங்கும் இடம் பற்றி என் தங்கையிடமிருந்து ஒரு பாடம் கிடைத்தது. அவள் குடும்பம் ஃப்ளோரிடாவில் இருக்கிறது. அங்கே கரீபியன் தீவுகளுக்குக் கப்பல் சுற்றுலா போவது சகஜம். செப்டம்பரில் டிக்கெட் விலை இறங்கும், ஏனென்றால் அது புயல் பருவத்தின் உச்சம். அட்லாண்டிக்கில் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் பருவம், செப்டம்பர் 10 வாக்கில் உச்சம். கிழக்குக் கரீபியன் போகிறோம் என்று ஏறியவர்களைப் புயல் வந்தால் மேற்குக் கரீபியனுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். துறைமுகத்தை மாற்ற கப்பலுக்கு உரிமை உண்டு என்று ஒப்பந்தத்திலேயே இருக்கும். போகாத துறைமுகத்தின் வரியும் கட்டணமும் பொதுவாகத் திரும்பி வரும், டிக்கெட் பணம் வராது. அங்கே அனுபவப்பட்டவர்கள் எந்தத் தீவு என்று பார்த்துக் கப்பல் ஏறுவதில்லை. கப்பல் பிடித்திருக்கிறதா என்று பார்த்து ஏறுகிறார்கள். படுக்கை, சாப்பாடு எல்லாம் கப்பலோடு நகர்கிறது, தீவு மாறினால் மாறட்டும். இன்னொரு பழக்கமும் அவர்களுக்கு உண்டு. ஏறுவதற்கு முந்தின நாளே துறைமுக ஊருக்குப் போய்விடுவார்கள். கப்பல் திரும்பும் நாளில் நெருக்கிப்பிடித்து விமானம் போடமாட்டார்கள், துறைமுகம் மூடினால் கப்பல் கடலிலேயே ஓரிரு நாள் நிற்க வேண்டியிருக்கும் என்பதால்.

மலையில் நிலைமை நேர்மாறு. படுக்கை நகராது, பாதைதான் மாறும். ஆகவே எத்தனை பக்கம் வழி இருக்கிறது என்று பார்த்துப் படுக்கையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குன்னூரிலிருந்து நேரே மேட்டுப்பாளையம் இறங்கலாம், இருபது கி.மீ. குறுக்கே போய்க் கோத்தகிரி வழியாக இறங்கலாம், ஊட்டிக்கு ஏறலாம், ரயிலும் உண்டு. கோத்தகிரி தன் சொந்த மலைப்பாதையின் தலையிலேயே உட்கார்ந்திருக்கிறது, கூட்டமும் குறைவு. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் பொழுதுபோக்கு எதுவும் எதிர்பார்க்காதீர்கள். ஊட்டியில் தங்கினால் கோவைப் பக்கம் இறங்க எந்த வழியாக வந்தாலும் கூடுதலாக ஒரு கட்டம் தாண்ட வேண்டும். பெங்களூரு, மைசூருவிலிருந்து வருகிறவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு புரளும். நவம்பரில் மேற்குப் பக்கம் ஒப்பீட்டளவில் அமைதி, அவர்களுக்குக் கூடலூர் வழி நல்ல வழி, ஊட்டியே வசதி. பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு கிளம்ப வேண்டும்.

ஊர் ஊராக இரவு மாறும் பேக்கேஜ்தான் இந்தப் பருவத்துக்கு ஆகவே ஆகாதது. ஊட்டியில் இரண்டு இரவு, குன்னூரில் ஒன்று, பிறகு இறங்கி கொடைக்கானலில் இரண்டு என்று அச்சடித்த தாள் கொடுப்பார்கள். ஒரு பாதை ஒரு நாள் அடைபட்டால் அதற்குப் பின்னால் இருக்கும் எல்லா அறைகளும் ஒவ்வொன்றாகச் சரியும். ஒரே இடத்தில் தங்கிச் சுற்றுங்கள். முன்பணம் திரும்பக் கிடைக்கும் அறைக்கு விலை கொஞ்சம் கூடுதலாக இருக்கும். எல்லா இரவுக்கும் அதைக் கொடுக்க வேண்டியதில்லை. முதல் இரண்டு இரவுக்கு மட்டும் பதிவு செய்யுங்கள். தீபாவளியை ஒட்டிய நீண்ட விடுமுறையைத் தவிர்த்தால், நவம்பர் வாரநாட்களில் மேற்கொண்டு இரவுகளுக்கு நேரில் கேட்டாலே அறை கிடைக்கும், விலையும் பேசலாம். ரயில் டிக்கெட்டோடு சில பைசாவுக்கு வரும் இன்ஷூரன்ஸ் விபத்துக்கானது. பாதை மூடி அறை வீணானால் அதிலிருந்து ஒன்றும் வராது.

"நீலகிரில மழைன்னா கொடைக்கானலுக்குப் போயிடலாம்" என்பது பட்டிமன்றத்தில் தவறாமல் வரும் வாதம். அதே கிழக்குக் காற்று பழனி மலையிலும் மோதும். 2018 நவம்பர் 16-ம் தேதி வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த கஜா புயல், திண்டுக்கல் மாவட்டத்தைத் தாண்டித்தான் கேரளத்துக்குப் போனது. கொடைக்கானலில் மரங்கள் சாய்ந்து, பாதை அடைபட்டு, மின்சாரம் இல்லாமல் கிடந்தது. வத்தலக்குண்டு வழி, பழனி வழி என்று அங்கேயும் இரண்டு பாதை உண்டு, ரயில் கிடையாது. தனியாகப் போக நல்ல இடம்தான், நீலகிரிக்கு மாற்றாக வைக்கத்தான் லாயக்கில்லை. மாற்று இடம் சமவெளியில் இருக்கட்டும். மேட்டுப்பாளையம் வனபத்ரகாளியம்மன் கோயில், பேரூர் பட்டீஸ்வரர், கோவையில் காஸ் வன அருங்காட்சியகம் என்று ஒரு நாளை ஓட்ட அங்கே விஷயம் இருக்கிறது.

கோவையில் தங்கி நாளுக்கு நாள் ஏறி இறங்குவது இரண்டு நாள் பயணத்துக்குச் சரி. அதற்கு மேல் என்றால் தினமும் இரண்டு தடவை மலைப்பாதை, பாதி நாள் வண்டியிலேயே போகும். மலையின் காலையும் ராத்திரியும் கிடைக்காது. அதற்காகத்தானே வருகிறோம்.

மேலே வந்த பிறகு எந்த நாள் எந்த இடம் என்று எழுதி வைக்காதீர்கள். வெளிச்சமான நேரத்துக்கு ஒரு பட்டியல், மழை நேரத்துக்கு ஒரு பட்டியல். டால்பின் நோஸ், லேம்ஸ் ராக், கோடநாடு, 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டா இதெல்லாம் மேகம் இறங்கினால் வெள்ளைச் சுவர்தான். போய் நின்றால் பக்கத்தில் நிற்பவர் முகம் தெரியும், அவ்வளவே. பலத்த மழை எச்சரிக்கை இருந்தால் இவற்றில் பலவற்றை மூடியும் விடுவார்கள். பொதுவாகக் காலை நேரம் தெளிவாக இருக்கும், மதியத்துக்கு மேல் மேகம் ஏறும். ஆகவே காட்சி முனைகளைக் காலை பத்து மணிக்குள் முடியுங்கள். மழைக்கு டீ ஃபேக்டரி, குன்னூர் மார்க்கெட், பேக்கரியில் சூடான வர்க்கி, எம்.பாலாடாவில் பழங்குடியினர் அருங்காட்சியகம் இருக்கின்றன. தூறலில் சிம்ஸ் பூங்கா வெயிலைவிட நன்றாக இருக்கும், இது என் கட்சி. பெருமழையில் மரத்தடி எதுவும் வேண்டாம், மரங்கள் சாயும் பருவம் இது.

உபரி நாள் விஷயம் மிச்சம் இருக்கிறது. பெரும்பாலோர் அதை முன்னால் வைக்கிறார்கள்: ஏற முடியாவிட்டால் என்ன செய்வது என்ற பயம். ஏற முடியாவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போவதில்லை, கீழே அறை போட்டு இட்லி சாப்பிட்டுக்கொண்டு மறுநாள் பார்க்கலாம். இறங்க முடியாதபோதுதான் சிக்கல். திங்கட்கிழமை ஆபீஸ், பிள்ளைக்குப் பரீட்சை, கோவையிலிருந்து விமானம் எல்லாம் அந்தப் பக்கம் காத்திருக்கிறது. அப்போதுதான் மனிதர்கள் "எப்படியாவது போயிடலாம்" என்று மாலை ஆறு மணிக்கு மழையில் மலை இறங்கக் கிளம்புகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடிக்க வேண்டும் என்றால், சனிக்கிழமையே இறங்கி கோவையில் இருங்கள். அதற்கு மனம் வராவிட்டால் ஞாயிறு காலை எட்டு மணிக்காவது இறங்குங்கள்; ஒரு பாதை மூடியிருந்தால் இன்னொன்றைப் பார்க்கப் பகல் வெளிச்சம் மிச்சம் இருக்கும். கிளம்பும் முன் 1077-க்கு ஒரு போன் போட்டுப் பாதை நிலவரம் கேட்டுக்கொள்ளலாம். மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை எண் அது.

இவ்வளவு அனுசரித்துப் போக முடியாதவர்கள் இந்தப் பருவத்தில் வரவே வேண்டாம் என்பேன். வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ் போகும் மாமா, நிறைமாதத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மருமகள், ஒரு நாள்கூட லீவு நீட்டிக்க முடியாத வேலை, இவர்களுக்கெல்லாம் தள்ளிப்போடுவதுதான் நல்ல தேர்வு. டிசம்பர் கடைசி வாரம் அரையாண்டு லீவில் மழை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும், ஆனால் கிறிஸ்துமஸ், புத்தாண்டுக் கூட்டத்தில் அறை வாடகை ஏறிவிடும். பொங்கல் கழிந்த பிறகு பிப்ரவரி வரை வாருங்கள். ஊட்டியில் தலைகுந்தா, காந்தல் பக்கம் காலையில் உறைபனி பார்க்கலாம், வானம் துடைத்துவிட்டது போல இருக்கும், வாரநாளில் அறை சல்லிசாகக் கிடைக்கும். அந்த மாதங்களுக்கு என்றால் நான் இதுவரை சொன்னதைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம்: 60 நாள் முன்பு முன்பதிவு திறக்கும் அன்றைக்கே உட்கார்ந்து மேட்டுப்பாளையம்–ஊட்டி டிக்கெட்டை எடுத்துவிட்டு, மற்றதை அதைச் சுற்றிப் போடுங்கள். மச்சானுக்கும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன்.